‘பேச்சு வந்த பிறகு அழைத்து வாருங்கள்’ என்று சொல்லும் மழலையர் பள்ளிக்கு என்ன பதில்?

வாசகி ஒருவர் தம் மகனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

சிறுவனுக்கு மூன்று வயது பத்து மாதம். ஆறு மாதங்களாக மழலையர் பள்ளிக்குப் போகிறான். அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாகக் குழந்தை வளர்ச்சி மருத்துவர் நான்கு மாதங்களுக்கு முன்பு உறுதிசெய்தார். ஏறத்தாழ பதினைந்து சொற்கள் பேசுகிறான். ஏதாவது வேண்டுமென்றால் பெரியவர்களின் கையைப் பிடித்து அந்தப் பொருளிடம் இழுத்துப் போகிறான். புதிர்ப்பலகையை யார் துணையுமின்றிப் பொருத்திவிடுவான். தண்ணீரைக் குவளைக்குக் குவளை மாற்றி ஊற்றிக்கொண்டிருப்பதில் அவனுக்கு அலாதிப் பிரியம். பள்ளியில் காலையில் எல்லாக் குழந்தைகளையும் வட்டமாக உட்காரவைத்து இருபத்தைந்து நிமிடம் பாட்டுப் பாடுவார்கள். அந்த நேரம் வந்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டு கதவை நோக்கி ஓடுகிறான். பிடித்து உட்காரவைத்தால் அலறுகிறான். சென்ற மாதம் கை கழுவும் வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்த குழந்தையின் கையைக் கடித்துவிட்டான். அதன் பெற்றோர் புகார் செய்தார்கள். ‘இவனுக்கென்று ஓர் ஆளை நீங்களே சம்பளம் கொடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் பேச்சு வந்த பிறகு அழைத்து வாருங்கள். அதுவரை காலையில் ஒரு மணி நேரம் மட்டும் இருக்கட்டும்’ என்று சொல்லியிருக்கிறார் பள்ளித் தலைவி. ‘நானும் நான்கு வயதில்தான் பேசினேன், ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும்’ என்கிறார் கணவர். பேச்சுப் பயிற்சியாளர் கொடுத்த பட அட்டைகளைப் பயன்படுத்தினால் மகன் பேசவே மாட்டான் என்ற பயமும் வீட்டில் இருக்கிறது. சிறப்பு மையத்துக்கு மாற்றுவதா, துணையாள் வைப்பதா, வேறு பள்ளியில் ஆட்டிசம் என்பதைச் சொல்லாமல் சேர்ப்பதா என்று கேட்கும் அவர், கடைசியில் இப்படி முடிக்கிறார்: ‘என் மகனால் மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறதோ என்ற குற்ற உணர்ச்சியில் தூக்கம் வருவதில்லை.’

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளும் மற்றவர்களும் சேர்ந்து பயிலும் முன்பருவ வகுப்புகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். அங்கே மற்றக் குழந்தைகளின் வளர்ச்சி பின்தங்கிப் போனதாக அந்த ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் மகன் யாருடைய படிப்பையும் பறிக்கவில்லை. ஓர் ஆசிரியை ஒரே நேரத்தில் பல குழந்தைகளைச் சமாளிக்கத் திணறுகிறார் என்றால் அது உண்மையான சிரமம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது பள்ளி எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறது, அந்த நாளை எப்படி வகுத்திருக்கிறது என்பதைப் பற்றிய சிரமம். அதை மூன்றே முக்கால் வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவதும், அவன் தாய் அதைச் சுமந்துகொண்டு தூக்கம் இழப்பதும் முறையல்ல.

அடுத்தது, பேச்சு வந்த பிறகு அழைத்து வருவது என்ற யோசனை. பள்ளித் தலைவி அதை நல்லெண்ணத்தோடே சொல்லியிருக்கலாம். ஆனால் அது காரியத்தைத் தலைகீழாக்குகிறது. பேச வேண்டிய தேவையும், கூடப் பேசுகிறவர்களும், பார்த்துச் செய்ய ஒத்த வயதுப் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில்தான் பேச்சு வளர வழி அதிகம். அந்த இடத்திலிருந்து குழந்தையை விலக்கிவைத்துவிட்டு, பேச்சு வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை உண்டு. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பிறகு மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் சொன்னதைப் புரிந்துகொள்பவர்கள். விரல் நீட்டிக் காட்டுபவர்கள். கண்ணைப் பார்த்து விளையாட்டில் இழுப்பவர்கள். உங்கள் மகனை முறையாகப் பரிசோதித்து, பேச்சோடு பிறரோடு பழகும் விதத்திலும் வேறுபாடு இருப்பதை மருத்துவர் கண்டிருக்கிறார். ஆகவே கணவரின் சிறுவயது அனுபவத்தை இங்கே அளவுகோலாகக் கொள்ள முடியாது. உதவி கொடுத்து அது பிறகு தேவையில்லாமல் போனால் இழப்பு ஒன்றுமில்லை. கொடுக்காமல் ஒரு வருடம் போய்விட்டால் அந்த வருடம் திரும்பக் கிடைக்காது.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. செவிப்புலன் பரிசோதனை செய்யப்பட்டதா? செய்யவில்லையென்றால் வேறெதற்கும் முன்பு அதைச் செய்துவிடுங்கள். சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். இந்த வயதில் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது சாதாரணம். பல நேரம் வலியே இருக்காது. கேட்கும் திறன் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஆட்டிசம் இருக்கும் குழந்தைக்கும் இது வரலாம், அப்போது ‘கூப்பிட்டால் திரும்புவதில்லை’ என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒரு மணி நேரம் மட்டும் என்று பள்ளி குறைத்தபோது, அது காலையின் முதல் ஒரு மணி நேரமாக அமைந்துவிட்டது. பாட்டு வட்டம் அந்த நேரத்துக்குள்தான் வருகிறது. மணலும் தண்ணீரும் வைத்து விளையாடும் நேரம் அவன் கிளம்பிய பிறகுதான் தொடங்குகிறது. ஆக, அவனால் தாங்கவே முடியாத பகுதிக்கு மட்டும் அவன் நாள்தோறும் வருகிறான். அவனுக்குப் பிரியமான பகுதி தொடங்கும் முன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். இப்படி ஒரு ஏற்பாட்டில் எந்தக் குழந்தையும் கதவைத்தான் பார்க்கும். நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், விளையாட்டு நேரத்தில் வந்து பள்ளி முடியும்வரை இருக்கட்டும். அதுவும் எந்தத் தேதியில் எவ்வளவு கூட்டப்படும் என்று எழுதிவைத்துக்கொண்ட, கூடிக்கொண்டே போகும் நேரமாக இருக்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத ஒரு மணி நேரம் என்பது மெல்ல மெல்ல வெளியே அனுப்புவதற்கு இன்னொரு பெயர்.

இனிப் பாட்டு வட்டம். மூடிய அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைதட்டிப் பாடும்போது எழும் ஓசை, ஒலி நுண்ணுணர்வு மிகுந்த குழந்தைக்கு உடலில் படும் வலியைப் போன்றது. அது எப்போது தொடங்கும் என்று அவனுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. எப்போது முடியும் என்றும் தெரிவதில்லை. தவிர, இருபத்தைந்து நிமிட வட்டம் அந்த வயதில் எந்தக் குழந்தைக்குமே நீளம். பள்ளியிடம் நீங்கள் கேட்கக்கூடியவை இவை: பாட்டு தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதே ஆசிரியை அவனிடம் போய்ப் பாட்டுப் படத்தைக் காட்டட்டும். அவனுடைய இடம் கதவோரமாகவோ வட்டத்தின் விளிம்பிலோ இருக்கட்டும். முதல் வாரத்தில் கடைசிப் பாட்டுக்கு மட்டும் வந்து உட்காரட்டும். பாட்டு முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து அவனும் எழுந்துவிடுவான், ஓடிப்போக வேண்டியிருக்காது. பழகிய பிறகு கடைசி இரண்டு பாட்டு. ஏதாவது ஒரு பாட்டுக்குக் கைதட்டாமல் எல்லோரும் கையை அசைக்கலாம். அடுத்து எந்தப் பாட்டு என்பதை இரண்டு அட்டைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் வேலையை அவனிடமே கொடுக்கலாம். சத்தம் குறைக்கும் காதுக்கவசம் அருகில் இருக்கலாம். அறையின் ஒரு மூலையில் ஒரு பாயும் தலையணையும் போட்டு, வேண்டும்போது யாரும் போய் உட்காரக்கூடிய அமைதியான இடம் ஒன்று வைக்கலாம். தண்டனைக்கு உட்காரவைக்கும் இடமாக மட்டும் அது ஆகிவிடக் கூடாது. இதில் எதற்கும் பெரிய செலவில்லை. பாட்டு வட்டத்தில் சொல்லாமல் தவிக்கும் வேறு ஒன்றிரண்டு குழந்தைகளுக்கும் இதனால் நிம்மதி கிடைக்கும்.

கடித்ததையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அது கை கழுவும் வரிசையில் நடந்தது. அவன் உயிரையே வைத்திருக்கும் தண்ணீர் எட்டடி தூரத்தில் ஓடுகிறது. அவனோ நிற்க வேண்டும். முன்னால் எத்தனை பேர் என்று புரியவில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறார்கள். ‘எனக்கு’, ‘தள்ளாதே’ என்று சொல்ல வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாத இடத்தில் பல் முந்திக்கொண்டது. மற்றக் குழந்தைக்கு வலித்தது, அதன் பெற்றோரின் கோபம் நியாயமானது. இது மீண்டும் நடக்கக் கூடாது என்பதில் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே நோக்கம்தான். இரண்டு வாரத்துக்கு ஆசிரியை ஒரு தாளில் குறித்து வரட்டும்: எந்த நேரம், எந்த இடம், சரியாக அதற்கு முன் என்ன நடந்தது, அதற்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும். இப்போதைக்கு, தரையில் பாத வடிவங்களை ஒட்டி ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தைக் காட்டுவதும், அவனை வரிசையின் முதலிலோ கடைசியிலோ நிறுத்துவதும், ‘என் முறை’ என்று சொல்லும் படம் ஒன்றை அவன் கையில் கொடுத்துவைப்பதும் போதும்.

படம் என்றதும் வீட்டில் இருக்கும் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பட அட்டைகள் பேச்சைத் தடுப்பதில்லை. 2006ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, சைகை, படம் போன்ற மாற்றுவழித் தொடர்பைக் கற்றுக்கொண்டவர்களில் நம்பத்தக்க தரவு இருந்த 27 பேரை எடுத்துப் பார்த்தது. அவர்களில் ஒருவருக்குக்கூட அதனால் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. பேச்சு ஓரளவே கூடியது என்பதையும் சொல்ல வேண்டும், அட்டை மந்திரமல்ல. ஆனால் கேட்டால் கிடைக்கும் என்ற அனுபவம் குழந்தைக்கு வந்தபிறகுதான் வாயால் கேட்கும் ஆசையும் பிறக்கிறது. இந்த அட்டைகள் பயிற்சியாளரின் அறையில் மட்டும் இருந்தால் பயனில்லை. வீட்டிலும் பள்ளியிலும் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

துணையாள் வேண்டுமா?

‘ஷேடோ டீச்சர்’ ஒருவரை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெற்றோரும் நம்புகிறார்கள், பள்ளிகளும் நம்புகின்றன. இதில் நீங்கள் அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் மைக்கேல் ஜியான்கிரெக்கோவும் சக ஆய்வாளர்களும் 1997ல் வெளியிட்ட ஆய்வு, மாற்றுத்திறன் உள்ள மாணவரின் பக்கத்திலேயே ஓர் உதவியாளர் ஓயாமல் இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தது. வகுப்பாசிரியர் அந்த மாணவரைத் தம் பொறுப்பாக நினைப்பதை விட்டுவிடுகிறார். மற்ற மாணவர்கள் நெருங்கி வருவது குறைகிறது. மாணவரும் பெரியவரையே சார்ந்திருக்கப் பழகிவிடுகிறார். அங்கே கவனிக்கப்பட்டவர்கள் பள்ளி மாணவர்கள். மழலை வகுப்பில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்பது என் கருத்து. ஒரு குழந்தையும் அதன் பக்கத்தில் பெரியவர் ஒருவரும் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால், நான்கு வயதுப் பிள்ளை எதுவும் அந்த மேசைக்கு வராது.

அவன் வெளிக்கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடும் அபாயம் உண்மையில் இருந்தாலோ, வலிப்பு போன்ற உடல்நலக் காரணம் இருந்தாலோ கூடுதல் ஆள் தேவைதான். (கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போடுவது எல்லாக் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் அவசியமானது, அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.) அப்படி ஆள் வந்தால், அவர் வகுப்புக்குக் கிடைத்த கூடுதல் ஆசிரியராக இருக்கட்டும், உங்கள் மகனுக்கு மட்டும் காவலாக அல்ல. அவர் மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் வகுப்பாசிரியையே உங்கள் மகனோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். எந்தெந்த வேளையில் அவர் விலகிக்கொள்வார் என்பதும் தொடக்கத்திலேயே பேசி முடிவாக வேண்டும். நீங்களே போய் உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவனுக்குத் தாயாக இருப்பதே உங்களுக்குப் போதுமான வேலை.

பெரியவரின் துணையைவிட இந்த வயதில் சக குழந்தைகளின் துணைக்குப் பலம் அதிகம். அவன் எல்லோரையும் விட்டு விலகி நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். மழலையர் விளையாட்டில் பங்கேற்கும் விதங்களை வகைப்படுத்தி 1932ல் எழுதிய மில்ட்ரெட் பார்ட்டன், நின்று பார்ப்பதையும் அவற்றில் ஒன்றாகவே சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே ஒரே மாதிரி விளையாடுவது இன்னொன்று. பார்ப்பதிலிருந்து பக்கத்தில் உட்காருவதற்கு அவனுக்கு ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் தண்ணீர்தான். தண்ணீர்த் தொட்டியில் இரண்டு குழந்தைகள், இரண்டு குவளைகள், ஆனால் ஒரே ஒரு புனல் என்று ஆசிரியை வைத்துப் பார்க்கட்டும். ஒருவன் பிடிக்க வேண்டும், ஒருவன் ஊற்ற வேண்டும். அமைதியான சுபாவம் உள்ள ஒரு குழந்தையிடம், ‘அவன் தோளைத் தொட்டுப் புனலைக் காட்டு, பிறகு கொஞ்சம் பொறு’ என்று சொல்லிக்கொடுத்தால், நான்கு வயதுக் குழந்தை அதை அழகாகச் செய்யும். பத்து நிமிடம் இப்படி நடந்தால் அது பெரிய விஷயம்.

உரிமை எதுவரை?

1989ல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பு, மாற்றுத்திறன் உள்ள குழந்தை சமூகத்தில் முனைந்து பங்கேற்கும் நிலைமைகளோடு வாழ வேண்டும் என்கிறது. 2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 24ஆம் உறுப்பில் எல்லா நிலையிலும் உள்ளடக்கிய கல்வியை உறுதிசெய்யச் சொல்கிறது. நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்றும் வரையறுக்கிறது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2016ல் வெளியிட்ட பொதுக் கருத்துரை நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது: விலக்கிவைப்பது, தனியே பிரித்துவைப்பது, இருக்கும் ஏற்பாட்டுக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டால் சேர்த்துக்கொள்வது, ஏற்பாட்டையே மாற்றி உள்ளடக்குவது. உங்கள் மகனுக்கு இப்போது கிடைத்திருப்பது மூன்றாவது. அதிலிருந்து முதலாவதுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் கேட்க வேண்டியது நான்காவதை.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நியாயமான மாற்றம் என்பது நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத மாற்றம். மேலும், உடன்படிக்கை உங்கள் ஊர்ப் பள்ளியை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. கட்டாயக் கல்விச் சட்டம் பல இடங்களில் ஐந்து ஆறு வயதில்தான் தொடங்குவதால், மழலையர் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றுவிடுவதுண்டு. பாகுபாட்டுத் தடைச் சட்டமோ மாற்றுத்திறனாளிகள் சட்டமோ அவற்றுக்குப் பொருந்துமா என்று உள்ளூர் வழக்கறிஞரிடமோ மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடமோ கேளுங்கள். அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வாய்மொழியாகச் சொல்லப்பட்ட அனைத்தையும் எழுத்தில் கொண்டுவாருங்கள். ‘இன்ன தேதியில் பேசியபடி, என் மகனின் நேரம் இவ்வளவாகக் குறைக்கப்பட்டது, காரணத்தையும், அது எப்போது முடியும் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று மரியாதையாக ஒரு கடிதம் போதும். பல பள்ளிகள் அந்தக் கட்டத்திலேயே உட்கார்ந்து பேச முன்வருகின்றன.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அவனை நாற்காலியில் கட்டிவைப்பது, அறையில் பூட்டிவைப்பது, அலறும்போது வாயைப் பொத்துவது ஆகியவை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கத்தக்கவையல்ல. அப்படி நடப்பதாகத் தெரிந்தால் அன்றே அழைத்துக்கொண்டு வந்து புகார் கொடுங்கள்.

சிறப்பு மையமும், மறைப்பதும்

சிறப்பு மையத்தை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. சைகை மொழியில் வளரும் காது கேளாத குழந்தைக்கு, அதே மொழி பேசும் தோழர்கள் இருக்கும் இடம் பெரும் வரம். உங்கள் மகனுக்கும் பேச்சுப் பயிற்சியும், உடல் உணர்வுகளைப் பக்குவப்படுத்தும் பயிற்சியும் தேவை. ஆனால் அவற்றுக்காக முழு நாளையும் மாற்ற வேண்டியதில்லை. காலை பள்ளியிலும், வாரத்தில் சில மாலைகள் மையத்திலும் இருக்கலாம். பயிற்சியாளர் மாதம் ஒருமுறையாவது பள்ளிக்கு வந்து, கை கழுவும்போதும் செருப்பு மாட்டும்போதும் என்ன செய்யலாம் என்று ஆசிரியைக்குக் காட்டிக்கொடுத்தால், அது தனியறையில் செய்யும் பயிற்சியைவிடப் பலன் தரக்கூடும். ஆட்டிசத்தை முற்றாகக் குணப்படுத்துவதாக வாக்குக் கொடுக்கும் மையம் எதுவானாலும் அங்கே கால் வைக்காதீர்கள்.

வேறு பள்ளியில் மறைத்துச் சேர்ப்பது வேண்டாம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சொன்னால் கதவு மூடிவிடும். ஆனால் சொல்லாத ஒன்றுக்காக எந்த மாற்றத்தையும் நீங்கள் கேட்க முடியாது. முதல் அலறலிலேயே விஷயம் தெரிந்துவிடும், அதோடு நம்பிக்கையும் போய்விடும். மருத்துவ அறிக்கை முழுவதையும் கொடுக்கவும் வேண்டியதில்லை. ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: அவனுக்கு எது பிடிக்கும், எது தாங்காது, வேண்டியதை எப்படிக் கேட்பான், கலங்கினால் எது ஆற்றும். இது பள்ளி ஊழியர்களுக்கு மட்டுமான தகவல். மற்றப் பெற்றோரிடம் சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. உங்கள் சம்மதம் இல்லாமல் பள்ளி அதை வெளியிடக் கூடாது.

இப்போதைய பள்ளிக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்பது என் யோசனை. பள்ளித் தலைவியைவிட வகுப்பாசிரியை அவனை அறிந்தவர்; புதிர்ப்பலகையைப் பற்றி உங்களுக்குச் சொன்னவரே அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் கூட்டத்தில் இருக்கட்டும். உங்கள் கணவரும் கட்டாயம் வர வேண்டும். நேரில் பார்த்தால் அவர் எண்ணம் மாறலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காமல், வருகை நேரத்தை மாற்றுவது, பாட்டு வட்டம், கை கழுவும் வரிசை ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் சந்திக்கத் தேதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். அந்த ஆறு வாரத்தில் எத்தனை சொல் கூடியது என்று எண்ண வேண்டாம். காலையில் பள்ளி வாசலில் அவன் உடல் எப்படி இருக்கிறது, தானாகப் போய் நிற்கும் இடம் ஏதாவது உண்டா, பெயர் சொல்லி அவனைக் கூப்பிடும் குழந்தை ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எதுவும் அசையவில்லை, பள்ளியும் அசையவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். அது தோல்வியல்ல. புதிய பள்ளியைப் பார்க்கப் போகும்போது, அவர்கள் குறித்துக் கொடுக்கும் நேரத்தில் மட்டும் போகாமல், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குக் குழந்தைகள் மாறும் நேரத்திலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு பள்ளியின் குணம் அப்போதுதான் தெரியும். ‘சிரமப்பட்ட ஒரு குழந்தைக்காக உங்கள் வகுப்பில் கடைசியாக எதை மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தக் குழந்தையின் குறைகளை அடுக்கத் தொடங்கினால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். மேசையை நகர்த்தினோம், மணியை நிறுத்தினோம், வரிசையைப் பிரித்தோம் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால், அங்கே உட்கார்ந்து பேசுங்கள்.